தூர் கட்டி நெருங்கிப்போன கல்வாழை, மருள், ஜெர்பரா, லில்லி, சம்பங்கி: எதை எப்போ பிரிச்சு நடறது?

பல்லடம்_மொட்டைமாடி:

வணக்கமுங்க. மாடியில தொட்டிச் செடிக பூராவும் தூர் கட்டி அடைச்சு நிக்குது. பிரிச்சு மாத்தி வைக்கணும். என்னென்ன இருக்குதுன்னு எழுதிடறேன்.

கல்வாழை 18 இன்ச் சிமெண்ட் தொட்டியில. நடுவுல பூத்து முடிஞ்ச காஞ்ச தண்டுகதான், ஓரத்துல மட்டும் புதுத் தண்டு வருது, பூவும் சிறுத்துப் போச்சு. மஞ்சக் கரை போட்ட மருள் (ஸ்னேக் பிளான்ட்) 10 இன்ச் பிளாஸ்டிக் தொட்டியில, ஒரு பக்கம் புடைச்சு விரிசல் விட்டிருச்சு. ஸ்பைடர் லில்லி வாய் குறுகின மண் தொட்டியில, கிழங்கு ஒண்ணு மேல ஒண்ணா ஏறி மண்ணுக்கு வெளிய தள்ளிட்டு நிக்குது. ஃபுட்பால் லில்லி இந்த வருஷம் பூவே கம்மி, இப்ப இலை நல்லா இருக்குது. ஜெர்பரா 8 இன்ச் தொட்டிகள்ல, ஒரே குத்தா நெருங்கி, புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா தெரியுது. சம்பங்கி க்ரோ பேக்குல மூணு வருஷமா அப்படியே இருக்குது, இலைதான் காடா நிக்குது, பூக்குச்சி வர்றதில்ல.

ஊத்தறது போர் தண்ணி. உப்பு ஜாஸ்தி, மண் தொட்டி வெளிப்பக்கமெல்லாம் வெள்ளை பூத்துக் கெடக்குது. ஆனிக் காத்து மாடியில ஆளையே தள்ளுது.

ஆடிப் பட்டத்துல எல்லாத்தையும் ஒண்ணாப் பிரிச்சு நட்டுறலாமா? ஒரு தூரை எத்தனையாப் பிரிக்கிறது? மண் கலவை எப்படி? தெரிஞ்ச அண்ணன்மாரு அக்காமாரு சொல்லுங்க.

நொய்யல்_கரை:

ஒண்ணா வேண்டாமுங்க. ஆடிப் பட்டம் விதைக்குச் சொன்னது. பிரிச்ச தூருக்கு அந்தக் கணக்கு வராது. பிரிக்கறப்ப பாதி வேர் அறுந்து போகுது, இலை மட்டும் முழுசா நிக்குது. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து அந்த இலையில இருந்து ஈரத்தை உறிஞ்சிட்டே இருக்கும், மீதி வேரால அந்த வேகத்துக்குக் குடுக்க முடியாது. வானம் மூடாப்பாவே இருந்தாலும் செடி துவண்டு போறது இதனாலதான். துவளுதேன்னு நாம தண்ணிய இன்னும் ஊத்துவோம், வெட்டுப்பட்ட இடம் அழுகிரும். பொள்ளாச்சிக்கு மேற்க, ஆனைமலை அடிவாரத்துல ஆனி ஆடியில மழைச் சாரல் இருக்கும், அங்க செய்யலாம். பல்லடம், தாராபுரம், உடுமலை கிழக்குப் பக்கம் கரண்டு எடுக்கற காத்தாலை நிக்கற பூமி, அங்க மழை இல்லாம வெறும் காத்துதான்.

அதனால இலையை முழுசா வெட்டிட்டு நடக்கூடியது, இலையிலயே தண்ணி வச்சிருக்கறது ரெண்டையும் இப்பவே பிரிங்க: கல்வாழை, மருள். ஸ்பைடர் லில்லி கிழங்குலயே சேமிப்பு இருக்கறதால பூ முடிஞ்சதும் எப்ப வேணாலும் தாங்கும். ஜெர்பராவை ஆவணிப் பாதியில இருந்து புரட்டாசி முதல் வாரத்துக்குள்ள. அதைத் தாண்டக்கூடாது, ஏன்னா ஐப்பசி அடைமழை வர்றதுக்குள்ள ஒரு மாசமாவது வேர் ஓடியிருக்கணும். ஃபுட்பால் லில்லியை இப்பத் தொடவே தொடாதீங்க. இலை நிக்கற இந்த மாசங்கள்லதான் அடுத்த பூவுக்குக் கிழங்கு பெருக்குது. இலை மஞ்சளாகித் தானா விழுந்ததும், தை மாசியில, தூங்கற கிழங்கைப் பிரிக்கலாம். அதுவும் ரொம்ப நெருங்கியிருந்தா மட்டும். வேரைக் கலைச்சா ஒரு வருஷம் பூக்காமக் கூட இருக்கும்.

இனி ஒவ்வொண்ணா.

கல்வாழை: எல்லாத் தண்டையும் ஒரு சாண் விட்டு வெட்டிருங்க. ஒரு தண்டுல ரெண்டு மூணு கதிர் வந்து முடிஞ்சா அந்தத் தண்டு வேலை தீர்ந்தது, அடியோட எடுக்க வேண்டியதுதான். தொட்டியைப் படுக்க வச்சு, உள்சுவரை ஒட்டி நீளக் கத்தியைச் சுத்தி விட்டு உருவுங்க. முந்தின நாள் சாயங்காலம் தண்ணி விட்டிருந்தா மண் உருண்டை கலையாம வழுக்கி வரும். வந்ததும் கழுவிப் பாருங்க. நடுவுல பழுப்பா, பஞ்சு மாதிரி லேசா இருக்கறது பழைய கிழங்கு, அதைத் தூக்கிப் போட்டிருங்க. ஓரத்துல கெட்டியா, வெட்டுவாய் வெள்ளையா இருக்கறதுதான் நடறதுக்கு. ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் விதைக்கிழங்குல முளைக்கண் பாத்து எடுக்கறதே தான் இங்கயும்: துண்டுக்கு ரெண்டு மூணு கண்ணு, கூடவே கொஞ்சம் வேர். ஒத்தைக் கண்ணுத் துண்டும் முளைக்கும், ஆனா அந்த வருஷம் பூவுக்கு வர்றது கஷ்டம். வெட்டினதை ஒரு நாள் நிழல்ல ஆறப் போட்டு, கண்ணு மேல பாக்க, மேல 5–7 செ.மீ. மண் இருக்கற மாதிரி படுக்க வச்சு நடுங்க. 18 இன்ச் தொட்டிக்கு மூணு துண்டு போதும். அதுக்கு மேல வச்சா ரெண்டு வருஷத்துல இதே நிலைமைதான்.

மருள்: இதுக்கு நேர் எதிர். பிரிக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே தண்ணிய நிறுத்திருங்க. விரிசல் விட்ட தொட்டியைக் காப்பாத்தப் பாக்காம பிளேடால கீறி எடுத்துருங்க, இழுத்தா கிழங்கு முறியும். உள்ள கிழங்குக தொட்டிச் சுவரைச் சுத்திச் சுத்தி ஓடியிருக்கும். ரெண்டு கொத்துக்கு நடுவுல கிழங்கு மெலிஞ்ச இடத்துல ஒரே வெட்டா வெட்டுங்க. கொத்துக்கு சொந்த வேர் இருக்கணும். ரெண்டு மூணு நாள் நிழல்ல காய விட்டு, வெட்டுவாய் தோல் பிடிச்ச பின்னாடி நடுங்க. நட்டு அஞ்சாறு நாள் தண்ணி கூடாது. மருள் செத்துப் போறது பெரும்பாலும் அன்னைக்கே நட்டு அன்னைக்கே தண்ணி ஊத்தினதாலதான். கிழங்கு பக்கவாட்டுல ஓடறதால ஆழத் தொட்டி வேண்டியதில்ல, வாய் அகலமான ஆழங் கம்மியான சட்டி நல்லது. மாடிக் காத்துக்கு ஒரு மாசம் குச்சி நட்டுக் கட்டி வைங்க. இலை ஆடினா புது வேர் பிடிக்காது. இன்னொண்ணு, மஞ்சக் கரை உங்களுக்கு வேணும்னா தூர் பிரிச்சுத்தான் பெருக்கணும். இலையைத் துண்டு போட்டு நட்டா வர்ற கன்னு வெறும் பச்சையாத்தான் வரும்.

ஸ்பைடர் லில்லி: வாய் குறுகின தொட்டியில இருந்து உருண்டையா வெளிய வராது. தொட்டி வேணும்னா ஓஸ் பைப்பை உள்ள விட்டு மண்ணைக் கரைச்சு, கிழங்கை ஒண்ணொண்ணா எடுங்க. தாய்க் கிழங்கோட ஒட்டின குட்டிக் கிழங்கை லேசாத் திருகினா தானா வரும். வராததைக் கத்தியால அடித்தட்டோட சேத்து வெட்டுங்க. தட்டு இல்லாத கிழங்குல வேர் வராது. வெள்ளையா உயிரோட இருக்கற தடி வேரை வெட்டாதீங்க, அழுகினதை மட்டும் எடுங்க. இலையைப் பாதிக்குக் குறைச்சு, கழுத்து மண் மட்டத்துல இருக்கற மாதிரி நடுங்க. முழுசாப் புதைச்சா பூ தள்ளிப் போகும். சின்னக் குட்டிகளைத் தனித் தொட்டியில போடுங்க, அது பூக்க ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகும். கிழங்குச் சாறு விஷம், வயித்துல போனா வாந்தி வரும். கையுறை போட்டுக்குங்க, கொழந்தைக இருந்தா கிழங்கை வெங்காயம்னு நினைச்சு எடுக்காத எடத்துல வைங்க.

கோபி_பூந்தோட்டம்:

மேல சொன்னது சரி. சம்பங்கி விட்டுப் போச்சு, அதை நான் சொல்றேன்.

சம்பங்கியில ஒரு கிழங்கு ஒரு தடவைதான் பூக்கும். பூத்ததும் அது தேய்ஞ்சு, சுத்தியும் குட்டிக் கிழங்கு வைக்கும். மூணு வருஷம் எடுக்காம விட்டா குட்டிக மேல குட்டி வச்சு எதுக்குமே பெருக்க எடமிருக்காது, இலை மட்டும்தான் வரும். உங்களுக்கு நடந்தது அதுதான். சத்தி பக்கத்துத் தோட்டங்கள்லயும் ரெண்டு மூணு வருஷத்துல தோண்டி மாத்தறது இதுக்காகத்தான்.

வயல்ல நடவு ஆனி ஆடிதான், ஆனா நடறது அன்னைக்குத் தோண்டின கிழங்கு இல்ல. தோண்டி ஒரு மாசம் நிழல்ல ஆறப் போட்ட கிழங்கு. அந்த ஓய்வு கிடைச்சாத்தான் ஒரே சீரா முளைக்கும். நீங்க இப்பத் தோண்டினா ஆடிக் கடைசியில நடலாம். அவசரம் இல்லைன்னா தை கடைசியில தண்ணிய நிறுத்தி, இலை காஞ்சதும் மாசியில தோண்டறது இன்னும் நல்லது. பச்சை இலையோட தோண்டின கிழங்கை விட இலை வத்தவிட்டுத் தோண்டின கிழங்கு கெட்டியா இருக்கும்.

தோண்டினதும் பையைக் கீறிக் கொட்டி, மண்ணை உதிர்த்து, கையாலயே பிரிங்க. தராசுல போட்டுப் பாருங்க: 25–30 கிராம், குறுக்க 2.5–3 செ.மீ. இருக்கற கிழங்குதான் முதல் வருஷமே பூக்கும். அதுக்குச் சின்னதை எல்லாம் ஒரு பையில நெருக்கிப் போட்டு வளர்த்துக்குங்க. வயல்ல 45 செ.மீ.க்கு 20 செ.மீ. இடைவெளி. 12 இன்ச் பைக்கு மூணு, மிஞ்சினா நாலு கிழங்கு. மேல ரெண்டரை செ.மீ. மண்ணு போதும். பெரிய அளவுல நடறவங்க நடறதுக்கு முன்னாடி சைக்கோசெல்ங்கற வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்தை லிட்டருக்கு 5 கிராம் கணக்குல கலந்து கிழங்கை நனைச்சு எடுப்பாங்க. நாலு பைக்கு அது வேண்டியதில்ல.

வெட்டுவாய்க்கு மஞ்சள் தூளா சாம்பலான்னு அடுத்தாப்ல கேப்பீங்க. ரெண்டுல எது பூசினாலும் கெடுதல் இல்ல. ஆனா கிழங்கைக் காப்பாத்தறது பூச்சு இல்ல, காய விடறதுதான். ஈரமா இருக்கற வெட்டுல எதைத் தடவி நட்டாலும் அழுகும். சந்தேகமா இருந்தா சூடோமோனாஸ்ங்கற நல்ல பாக்டீரியாப் பொடியை லிட்டருக்கு 10 கிராம் கலந்து அரை மணி நேரம் ஊற வச்சு, எடுத்து நிழல்ல உலத்தி நடுங்க. கூடவே கார்பென்டாசிம் மாதிரி பூஞ்சைக்கொல்லி மருந்து அடிக்கறவங்க டிரைக்கோடெர்மாவை அதே சமயத்துல போடாதீங்க, மருந்து அந்த நல்ல பூஞ்சையையும் கொன்னுரும். ஏதாச்சும் ஒண்ணு.

மருதமலை_அடிவாரம்:

ஜெர்பராவுக்கும் மண்ணுக்கும் நான் எழுதறேனுங்க. அந்த வெளுத்த இலைக்கு நெருக்கம் காரணம் இல்ல. நரம்பு பச்சையா, நடுவுல வெளுத்து, அதுவும் புது இலையில முதல்ல வந்தா அது இரும்புச் சத்துக் குறை. மண்ணுல இரும்பு இருக்கும். சுண்ணாம்புத் தன்மை உள்ள போர் தண்ணிய ஊத்த ஊத்த மண்ணோட கார அமில நிலை (pH) ஏறிப் போய் வேரால அதை எடுக்க முடியறதில்ல. ஜெர்பராவுக்கு 5.5 முதல் 6.5 வேணும். நம்ம சுக்கான் கலந்த செம்மண்ணே 8-ஐத் தொடும். பிரிச்சு அதே மண்ணுல, அதே தண்ணியில நட்டா மறுபடி வெளுக்கும்.

ஜெர்பரா கலவைக்கு செம்மண்ணைக் குறைச்சுருங்க. தென்னை நார்க்கழிவு ரெண்டு பங்கு, மக்கின தொழு உரம் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, காங்கேயம் பக்க ரைஸ் மில்லுல கிடைக்கற கருக்கின உமி அரைப் பங்கு. உமி கருப்பா இருக்கணும். வெள்ளைச் சாம்பலா எரிஞ்சது வேண்டாம், அது கார நிலையை இன்னும் ஏத்தும். நார்க்கழிவு 5 கிலோ கட்டி ஒண்ணு ஊறினா 60–70 லிட்டர் வரைக்கும் வரும். அதுல உப்பு இருக்கும், அப்படியே போட்டா இலை நுனி கருகும். மூணு தடவை ஊற வச்சுப் பிழியணும், முதல் தண்ணி டிகாக்ஷன் நிறத்துல இறங்கும், கடைசித் தண்ணி வெளிறி வர்ற வரைக்கும் செய்யணும். இந்தக் கழுவலுக்காவது மழைத் தண்ணியோ குடிதண்ணியோ பாருங்க. உப்புத் தண்ணியில கழுவினா கழுவினதுக்கே அர்த்தமில்ல.

கல்வாழைக்கு இவ்வளவு வேண்டாம். செம்மண் ரெண்டு, தொழு உரம் ஒண்ணு, நார்க்கழிவு ஒண்ணு. மருளுக்கு செம்மண்ணும் எம்-சாண்டும் பாதிப்பாதி, உரம் ஒரு கைப்பிடி. எம்-சாண்டைச் சலிச்சு அந்த மாவுத் தூளை ஒதுக்கிருங்க, இல்லைன்னா நாலு தண்ணிக்கு அப்புறம் தளம் போட்டாப்ல இறுகிரும். தொழு உரத்தைக் கட்டாயம் சலிங்க. மக்காத சாணியில சூடு ஏறும், குப்பைக்குள்ள வெள்ளையாச் சுருண்டு கெடக்கற குண்டுப் புழு தொட்டிக்குள்ள போனா அங்க தின்ன வேர் மட்டும்தான் இருக்கும்.

ஜெர்பரா பிரிக்கறது: சாயங்காலமா செய்யுங்க. மண்ணை வாளித் தண்ணியில அலசிட்டுப் பாத்தா குருத்துக எங்கெங்க தனித்தனியா இருக்குதுன்னு தெரியும். கட்டைவிரலால விரிச்சாலே பாதி பிரிஞ்சு வரும், கட்டையான எடத்துல மட்டும் கத்தி. ஒரு பிரிவுக்கு ஒரு குருத்து, மூணு நாலு இள இலை, சொந்த வேர். பழைய பெரிய இலையெல்லாம் அடியோட திருகி எடுங்க, வேரை அரைச் சாணுக்குக் குறைங்க. மருளைப் போல காய விடக்கூடாது. வேர் ஒரு மணி நேரம் வெறுமனே கெடந்தாலே மயங்கிரும். ஈரச் சாக்குல சுத்தி வச்சிட்டு ஒண்ணொண்ணா நடுங்க.

நடறப்ப குருத்து மண்ணுக்கு மேல 1 செ.மீ. தூக்கலா நிக்கணும். முதல்ல ஆட்டம் காணற மாதிரி இருக்கும், பரவாயில்ல, ரெண்டு வாரத்துல வேர் இழுத்துப் பிடிக்கும். ஆடுதேன்னு மண்ணை மேல அணைச்சா குருத்துக்குள்ள ஈரம் தங்கி அடியில கருத்து, இலையை இழுத்தா கையோட வர்ற அழுகல் வரும். அது வந்தா மருந்துக்கு நிக்கறது ரொம்ப அபூர்வம். தண்ணியைத் தொட்டி ஓரமா மட்டும் விடுங்க. பத்துப் பதினஞ்சு நாள் காத்து படாத நிழல். முதல் ரெண்டு மாசம் வர்ற மொக்கைக் கிள்ளிருங்க.

பல்லடம்_மொட்டைமாடி:

ரொம்ப நன்றிங்க. கல்வாழையும் மருளும் இந்த வாரமே எடுத்தர்றேன். ஒரு ஜெர்பராவை மட்டும் உருவிப் பாத்தேன், வேருல கடுகு மாதிரி முடிச்சு முடிச்சா இருக்குது. கல்வாழையில ஒரு ரகத்துல மட்டும் இலையில மஞ்சக் கோடு கோடா, நரம்போட போகுது. உரக் குறையா? அப்புறம் மருள் தொட்டி அடியில எறும்பு போயிட்டே இருக்குது.

நொய்யல்_கரை:

மூணுமே பிரிக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சது நல்லதாப் போச்சுங்க. இந்த மூணும் தூரோடவே அடுத்த தொட்டிக்குப் போற சங்கதி.

ஜெர்பரா வேர்ல முடிச்சுன்னா நூற்புழு. வேருக்குள்ளயே இருக்கறதால கழுவினாலும் போகாது. அந்தச் செடியையும் மண்ணையும் பிரிக்காம அப்படியே ஒதுக்குங்க. மண்ணைக் கொட்டற எடம் காய்கறித் தொட்டிப் பக்கம் இருக்கக்கூடாது, தக்காளி, கத்திரி, வெண்டைக்கும் அதே புழு ஏறும். அந்த மண்ணு திரும்ப வேணும்னா பங்குனி சித்திரை வெயில்ல நனைச்சு, கண்ணாடி மாதிரித் தெரியற பாலிதீன் போட்டு ஓரம் மூடி ஆறு வாரம் வைக்கணும். ஆடி மூடாப்புல செஞ்சா சூடு ஏறாது. மத்த ஜெர்பராத் தொட்டிகளையும் ஒவ்வொண்ணா வேர் பாத்துட்டு, முடிச்சு இல்லாததை மட்டும் ஆவணியில பிரிங்க.

கல்வாழையில நரம்போட போற மஞ்சக் கோடு பெரும்பாலும் வைரஸ். உரக் குறைன்னா பெரும்பாலும் எல்லா ரகத்துலயும் தெரியும், ஒரு ரகத்துல மட்டும் கோடு விழாது. பிரிச்சா எத்தனை துண்டோ அத்தனையும் நோயோடதான் முளைக்கும். மருந்து கிடையாது. அந்த ரகத்தைக் கிழங்கோட பிடுங்கி எரிச்சிருங்க, உரக் குழியில போடாதீங்க, வாய்க்கால் ஓரத்துலயும் எறியாதீங்க, ஈரம் கண்டா துண்டுக் கிழங்கும் அங்கயே வேர் விட்டிரும். அசுவினி ஒரு செடியில இருந்து இன்னொண்ணுக்குக் கொண்டு போகும்ங்கறதால தள்ளி வச்சுப் பாப்போம்னும் நினைக்காதீங்க. நல்ல ரகத்தை முதல்ல வெட்டி முடிச்சிட்டு, நோய்ச் செடியைக் கடைசியில தொடுங்க. ஒவ்வொரு தூருக்கு நடுவுலயும் கத்தியை ஒரு பங்கு பிளீச்சிங் திரவம், ஒன்பது பங்கு தண்ணியில ஒரு நிமிஷம் முக்கி எடுங்க. வேலை முடிஞ்சதும் கழுவித் துடைச்சு எண்ணெய் தடவலைன்னா கத்தி துருவேறிரும்.

எறும்பு போகுதுன்னா மருள் வேர்ல மாவுப்பூச்சி இருக்குதான்னு பாருங்க. தொட்டியைக் கழட்டறப்ப வேரிலயும் தொட்டி உள்சுவத்துலயும் வெள்ளைப் பஞ்சு பஞ்சா ஒட்டியிருக்கும். இது தப்பிச்சுக்கற கேஸ். பழைய மண்ணை முழுசா உதறி, வேரைப் பைப்புத் தண்ணி வேகத்துல கழுவி, பஞ்சு அடைஞ்ச மெல்லிசு வேரை எல்லாம் வெட்டி எடுத்துருங்க. மருளுக்கு வேர் போனாலும் கிழங்கு இருந்தாப் போதும், புதுசா விடும். அஞ்சு நாள் காய வச்சுப் புது மண்ணுல, புதுத் தொட்டியில நடுங்க.

மருதமலை_அடிவாரம்:

ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன். ஆவணி வரைக்கும் அந்த ஜெர்பரா தாங்கணுமே. வெளுத்த இலைக்கு இரும்பு சல்பேட் லிட்டருக்கு 2 கிராம், சிட்ரிக் ஆசிட் 1 கிராம் கலந்து சாயங்காலம் இலை மேல புகையாத் தெளிங்க, பத்து நாளைக்கு ஒருக்கா. குருத்துல தேங்க விடாதீங்க. வேருக்கு ஊத்தறதுன்னா இடிடிஏ (EDTA) வகை இரும்பு இந்தக் கார மண்ணுல சீக்கிரம் பலன் போயிரும், இடிடிஎச்ஏ (EDDHA) வகை இரும்பு கேட்டு வாங்குங்க, விலை கூடத்தான். மழை பேஞ்சா மொட்டைமாடித் தண்ணியை ஒரு டிரம்முல பிடிச்சு வைங்க. பிரிச்சு நட்ட முதல் மாசம் ஜெர்பராவுக்கு மட்டுமாவது அதை ஊத்துங்க. உரம், தழை மணி சாம்பல் சத்து மூணும் சமமா இருக்கற 19:19:19 எல்லாம் புது இலை ரெண்டு விரிஞ்சதுக்கு அப்புறம், லிட்டருக்கு 2 கிராம், பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை.